சனி ஏன் மெதுவாக நகர்கிறது? சூரியக் குடும்பத்தின் வெளிக்கோள்கள்

கோயிலில் நவக்கிரகச் சன்னதியைச் சுற்றி வரும் பிள்ளைகளுக்குக் குருவையும் சனியையும் நன்றாகத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை குருப்பெயர்ச்சி வருகிறது, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வருகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களின் கோயில்களிலும் அன்றைக்குச் சிறப்புப் பூசை நடக்கிறது. யாருக்கோ ஏழரைச் சனி நடக்கிறது என்று வீட்டில் பாட்டி சொல்லவும் கேட்டிருப்பீர்கள். பெயர்ச்சியின் பலன் என்ன என்பது சோதிடத்தின் பேச்சு. அதற்குள் இக்கட்டுரை போகவில்லை. ஆனால் ஒன்று, இரண்டரை, ஏழரை என்ற அந்த எண்கள், தொலைநோக்கி இல்லாத காலத்தில் வானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்துக் கணக்கிட்டவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை. அவை உண்மையான இரண்டு கோள்களின் ஓட்டத்தை அளந்து சொல்கின்றன.

கணக்கு எளிதுதான். சூரியனும் கோள்களும் நகர்வது போல் தோன்றும் வானத்துப் பாதையைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ராசி என்று பெயரிட்டார்கள். குரு என்னும் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஒரு ராசியைக் கடக்க அதற்கு ஓர் ஆண்டு போதும். சனிக்கு ஒரு சுற்றுக்கு 29 ஆண்டும் ஆறு மாதமும் ஆகின்றன. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை ஆண்டு கிடைக்கும், அடுத்தடுத்த மூன்று ராசிகளைச் சேர்த்துக் கூட்டினால் ஏழரை கிடைக்கும். கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் வியாழனின் சுற்றை வைத்துத்தான். 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல் வரும். "முப்பது வருடம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனும் இல்லை" என்னும் பழமொழியையும் பெரியவர்கள் சனியின் சுற்றோடு சேர்த்துச் சொல்வதுண்டு.

நவக்கிரகத்தில் இடம்பெறாத கோள்கள் இரண்டு, சனிக்கும் அப்பால் இருக்கின்றன. அவை யுரேனஸ், நெப்டியூன். வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய இந்த நான்கையும் வெளிக்கோள்கள் என்கிறோம். இவை ஏன் இவ்வளவு பெரியவை, ஏன் இவ்வளவு குளிர்ந்தவை, ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்று தனித்தனியாகக் கேட்கலாம். மூன்று கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: சூரியனிலிருந்து அவை இருக்கும் தொலைவு. அந்தத் தொலைவு மனத்தில் பதியாமல் அந்தக் கோள்களின் பெயரையும் அளவையும் மனப்பாடம் செய்வதில் பெரிய பயனில்லை என்பது என் கருத்து.

பாடப்புத்தகத்துப் படத்தில் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்துக்குள் நெருக்கமாக அடங்கிவிடுகின்றன. உண்மையான இடைவெளியை உணர வேண்டுமானால் செம்பனைத் தோட்டத்துக்குப் போவோம். செம்பனைக் கன்றுகளை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளி விட்டு நடுவது வழக்கம். ஒரு வரிசையின் முதல் மரத்தடியில் சூரியனை வையுங்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையிலுள்ள அந்த ஒன்பது மீட்டரை, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள 150 மில்லியன் கிலோமீட்டராக வைத்துக்கொள்வோம். அப்போது சூரியன் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுள்ள உருண்டை. பூமி அடுத்த மரத்தடியில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளி. புதனும் வெள்ளியும் அந்த முதல் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். செவ்வாய் இரண்டாவது இடைவெளியின் நடுவில் நிற்கும்.

இப்போது நடக்கத் தொடங்குங்கள். வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் பக்கம் போக வேண்டாம், அங்கே பாம்பு தங்கும். குலைகளை ஏற்றிச் செல்லும் பாதையில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடங்கள். ஐந்து இடைவெளிகளைக் கடந்து சில எட்டு வைத்தால் வியாழன். அதன் அகலம் இந்த அளவில் ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்பதரை இடைவெளியில் சனி. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. மரங்களை எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். பத்தொன்பது இடைவெளி தாண்டி யுரேனஸ். முப்பதாவது இடைவெளி முடியும் இடத்தில், முதல் மரத்திலிருந்து 270 மீட்டர் தள்ளி, மூன்று மில்லிமீட்டர் அளவில் நெப்டியூன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் முதல் மரத்தடியில் வைத்த உருண்டை கண்ணுக்கு அகப்படாது.

ஒளி இந்த வரிசையில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போக எட்டு நிமிடமும் இருபது விநாடியும் எடுத்துக்கொள்கிறது. முப்பதால் பெருக்கிப் பாருங்கள்: சூரிய ஒளி நெப்டியூனை அடைய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போய்ச் சேரும் ஒளியும் மெலிந்துவிடுகிறது. தொலைவு முப்பது மடங்கானால் வெளிச்சம் முப்பதில் ஒரு பங்காகக் குறையும் என்று தோன்றும். ஆனால் ஒளி மேலும் கீழும் பக்கவாட்டிலும் விரிந்துகொண்டே போவதால், முப்பதை முப்பதால் பெருக்கி, தொள்ளாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதற்காக நெப்டியூனில் எப்போதும் கும்மிருட்டு என்று எண்ணிவிட வேண்டாம். அங்குள்ள நண்பகல் வெளிச்சம், நம் பௌர்ணமி நிலவின் வெளிச்சத்தைவிட நானூறு மடங்கு அதிகம்.

தொலைவு ஆண்டின் நீளத்தையும் தீர்மானிக்கிறது. சூரியனை விட்டு விலக விலக அதன் ஈர்ப்பு விசை குறைவதால், தொலைவில் உள்ள கோள் மெதுவாகவே ஓடுகிறது. பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. வியாழன் 13 கிலோமீட்டர், சனி பத்துக்குச் சற்றுக் குறைவு, நெப்டியூன் ஐந்தரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நெப்டியூனின் பாதை பூமியின் பாதையைப் போல் முப்பது மடங்கு நீளம், வேகமோ ஐந்தரை மடங்கு குறைவு. முப்பதை ஐந்தரையால் பெருக்கினால் 165. நெப்டியூனின் ஓர் ஆண்டு நம்முடைய 165 ஆண்டுகள். சனிக்கு முப்பது ஆண்டு ஆவதும் இந்த இரண்டு காரணங்களால்தான்: ஓட வேண்டிய தூரம் அதிகம், ஓடும் வேகம் குறைவு.

இனி, அவை ஏன் இவ்வளவு பெரியவை என்று பார்ப்போம். சுமார் 4.6 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு, புதிதாகத் தோன்றிய சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டையாகப் பரவிச் சுழன்றுகொண்டிருந்தன. சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுதியாக இருந்ததால் பாறைத் துகளும் உலோகத் துகளும் மட்டுமே கெட்டியாக நின்றன. நீர் ஆவியாகவே இருந்தது. பாறையும் உலோகமும் அந்தத் தட்டில் சிறிதளவே இருந்தபடியால் அங்கே பிறந்த புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் சிறிய கோள்களாயின. செவ்வாயைத் தாண்டி ஓர் எல்லைக்கு அப்பால் குளிர் போதுமானதாக இருந்ததால் நீரும் உறைந்து பனிக்கட்டியாயிற்று. கோள்களைக் கட்டுவதற்கான பொருள் அங்கே பல மடங்கு பெருகியது. பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து, பூமியைப் போல் பல மடங்கு எடையுள்ள கருக்கள் உருவாகி, சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தம் ஈர்ப்பினால் இழுத்துச் சேர்த்துக்கொண்டன. வியாழனும் சனியும் மிகுதியாக இழுத்துக்கொண்டு வாயுப் பெருங்கோள்களாயின. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் அந்த வாயு கொஞ்சமே கிடைத்தது; அவற்றின் உட்பகுதியில் பெரும்பங்கு நீர், அம்மோனியா, மீத்தேன் போன்ற பொருள்களே. ஆகவே அவற்றைப் பனிப் பெருங்கோள்கள் என்கிறார்கள். இந்த நான்கு கோள்களிலும் கால் ஊன்றி நிற்கத் தரை கிடையாது. மேலே மேகம், கீழே போகப் போக வாயு அழுத்தத்தால் அடர்ந்து, எங்கே வாயு முடிந்து எங்கே திரவம் தொடங்குகிறது என்று கோடு போட முடியாதபடி மாறிவிடுகிறது.

வியாழனின் குறுக்களவு 143,000 கிலோமீட்டர். பதினொரு பூமிகளை வரிசையாக வைக்கும் அகலம். மற்ற ஏழு கோள்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அவற்றைப் போல் இரண்டரை மடங்கு பொருள் வியாழனிடம் உள்ளது. இவ்வளவு பெரிய கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரம் பத்து மணிக்கும் குறைவு. அந்த வேகத்தில் மேகங்கள் இழுபட்டுப் பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நீண்டு கிடக்கின்றன. பெருஞ்சிவப்புப் புள்ளி என்று அழைக்கப்படும் புயல் ஒன்று அங்கே குறைந்தது 190 ஆண்டுகளாகச் சுழல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் அகலம் மூன்று பூமிகளுக்குச் சமமாக இருந்தது. இப்போது சுருங்கி, ஒரு பூமியைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், வியாழனைவிட அதன் துணைக்கோள்களே சிறுவர்கள் முதலில் அறிய வேண்டியவை, ஏனென்றால் அவற்றை நீங்களே பார்க்கலாம். 1610 ஜனவரியில் கலிலியோ சிறிய தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்தபோது அதன் அருகே ஒரே கோட்டில் சில ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தார். புள்ளிகள் இடம் மாறியிருந்தன, ஒன்று மறைந்தது, மற்றொன்று புதிதாகத் தோன்றியது. அவை நட்சத்திரங்கள் அல்ல, வியாழனைச் சுற்றி ஓடும் நான்கு நிலவுகள் என்று அவருக்குப் புரிந்தது. வானத்தில் உள்ள எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றும் பொருள்களை அவர் கண்ணால் கண்டுவிட்டார்.

அந்த நான்கில் வியாழனுக்கு மிக அருகே ஓடும் அயோவில் எரிமலைகள் குமுறிக்கொண்டே இருக்கின்றன. ஒருபக்கம் வியாழனும் மறுபக்கம் மற்ற நிலவுகளும் மாறி மாறி இழுப்பதால் அதன் உடல் பிசையப்பட்டுச் சூடேறுகிறது. கனிமீடு சூரியக் குடும்பத்திலேயே மிகப் பெரிய நிலவு, புதன் கோளைவிடவும் பெரியது. யூரோப்பாவின் பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்குப் பல சான்றுகள் கிடைத்துள்ளன. அதை ஆராய நாசா 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் என்னும் விண்கலத்தை அனுப்பியுள்ளது. அது 2030-இல் வியாழனை அடைய வேண்டும். நான்காவது நிலவான கலிஸ்டோ, பழைய பள்ளங்கள் நிறைந்து அமைதியாக இருக்கிறது.

சனியின் அழகு அதன் வளையங்களில் இருக்கிறது. தூரத்திலிருந்து ஒரே தகடாகத் தெரிந்தாலும், அவை கோடிக்கணக்கான பனிக்கட்டித் துண்டுகளின் கூட்டம். மணல் அளவுத் துகளும் உண்டு, வீட்டளவுப் பாளமும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சனியைச் சுற்றுகிறது. முதன்மை வளையங்களின் ஒரு விளிம்பிலிருந்து எதிர்விளிம்பு வரை ஏறத்தாழ 270,000 கிலோமீட்டர். ஆனால் கனமோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். இதனால்தான் வளையங்களின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும்போது அவை ஏறத்தாழ மறைந்தே போகின்றன. இது பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை, அதாவது சனியின் அரைச் சுற்றுக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக 2025 மார்ச்சில் நடந்தது.

சனிக்கு 270-க்கும் மேற்பட்ட துணைக்கோள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரியதான டைட்டனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சூரியக் குடும்பத்தில் அடர்ந்த காற்று மண்டலம் உள்ள ஒரே நிலவு அதுதான். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்னும் ஆய்வுக்கலம், காசினி விண்கலத்திலிருந்து பிரிந்து வந்து, குடைத்துணியின் உதவியோடு இரண்டரை மணி நேரம் மெல்ல இறங்கி அங்கே தரை தொட்டது. வெளிக்கோள்களின் பகுதியில் மனிதர் அனுப்பிய கலம் தரையிறங்கிய இடம் இன்றுவரை அது ஒன்றுதான். கலம் அனுப்பிய படத்தில் மங்கிய ஆரஞ்சு நிற வெளிச்சத்தில் உருண்டையான கூழாங்கற்கள் கிடந்தன. அவை கல் அல்ல. மைனஸ் 179 பாகைக் குளிரில் கல்லைப் போல் இறுகிப்போன நீர்ப்பனிக்கட்டி. ஓடும் திரவம் உருட்டி உருட்டி அவற்றின் முனைகளை மழுக்கியிருந்தது. அந்தத் திரவம் நீர் அல்ல, மீத்தேன். நம் ஊர்ச் சமையல் எரிவாயுக் கலன்களில் உள்ள வாயுக்களுக்கு உறவான மீத்தேன் அங்கே மழையாகப் பெய்து, ஆறாக ஓடி, துருவப் பகுதிகளில் ஏரிகளாகத் தேங்கி நிற்கிறது.

சனி வரையிலான கோள்களை யார் முதலில் கண்டார்கள் என்று சொல்ல முடியாது. அவை கண்ணுக்குத் தெரிபவை. யுரேனஸுக்குக் கண்டுபிடித்த நாள் உண்டு. 1781 மார்ச் 13 அன்று, இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக் கலைஞராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், தாமே செய்த தொலைநோக்கியால் அதைப் பார்த்து, முதலில் வால்வெள்ளி என்று எண்ணினார். இந்தக் கோள் 98 பாகை சாய்ந்து, படுத்த நிலையில் உருண்டு செல்வதால், அதன் துருவம் ஒவ்வொன்றிலும் 42 ஆண்டு பகலும் 42 ஆண்டு இரவும் மாறி மாறி வருகின்றன. அதன் நீலப்பச்சை நிறத்துக்குக் காரணம் மேல்வளியில் உள்ள மீத்தேன். அது சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது.

யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப் போகிறது என்று வானியலாளர்கள் முன்கூட்டியே கணித்துக் காத்திருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கி மங்கித் தெளிந்தது. கோள் கடந்த பிறகும் அவ்வாறே நிகழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வளையங்கள் ஒளியை மறித்திருக்கின்றன என்பது அதிலிருந்து புரிந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த ஆய்வு விமானத்தில் இருந்த அமெரிக்க அறிவியலாளர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் இருந்தவர்களும் அதே இரவில் நட்சத்திரம் மங்கியதைத் தம் கருவியில் பதிவு செய்திருந்தார்கள்.

நெப்டியூனோ, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப்பட்டது. யுரேனஸ் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் சிறிது விலகியே ஓடியதால், அதற்கு அப்பால் ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்ற ஐயம் எழுந்தது. பிரான்சில் லெ வெரியே அந்த மறைவான கோள் எங்கே இருக்க வேண்டும் என்று தாளில் கணக்கிட்டுப் பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவில் யோகன் கல்லே தொலைநோக்கியை அந்தத் திசையில் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் கோள் இருந்தது. கண்டுபிடித்த நாளிலிருந்து அது முதல் சுற்றை முடித்தது 2011-இல்தான். அங்கே மணிக்கு 2,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது.

இந்த இரண்டு கோள்களுக்கும் அருகே சென்ற விண்கலம் ஒன்றே ஒன்று. 1977 ஆகஸ்டு 20 அன்று புறப்பட்ட வாயேஜர் 2, ஒவ்வொரு கோளின் ஈர்ப்பையும் பயன்படுத்தி வேகம் கூட்டிக்கொண்டு, 1979-இல் வியாழனையும் 1981-இல் சனியையும் 1986-இல் யுரேனஸையும் 1989-இல் நெப்டியூனையும் கடந்து சென்றது. நம் செம்பனை வரிசையில் அது இப்போது 140-ஆவது மரத்தையும் தாண்டிவிட்டது. அதே அளவில் சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே இருக்கும் என்று கேட்டால், ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் தள்ளி. சுங்கை சிப்புட்டிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து சென்னைக் கடற்கரையை நெருங்க வேண்டும்.

வெளிக்கோள்களைப் பார்க்க நம் ஊர் நல்ல இடம். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் கோள்கள் நமக்குத் தலைக்கு மேலேயே உயர்ந்து செல்கின்றன. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் மறைப்பதால் உதித்தவுடன் தெரியாது. சிறிது பொறுத்திருக்க வேண்டும். மாலை மழை பெய்து ஓய்ந்து மேகம் விலகிய இரவு மிகவும் ஏற்றது. மினுங்காமல் நிலையாக ஒளிரும் வெள்ளைப் புள்ளி நள்ளிரவில் தலைக்கு மேல் நின்றால் அது வெள்ளிக் கோளாக இருக்க முடியாது, ஏனென்றால் வெள்ளி சூரியனை விட்டு அதிகம் விலகாது. பெரும்பாலும் அது வியாழனாகத்தான் இருக்கும். சாதாரண பைனாகுலர் ஒன்றை எடுத்து, கை நடுங்காமலிருக்க முழங்கையை வேலிக்கல்லிலோ திண்ணைத் தூணிலோ ஊன்றிப் பாருங்கள்; நான்கு நிலவுகளில் இரண்டு மூன்றாவது ஒரே கோட்டில் தெரியும். தெரிந்ததை நோட்டில் வரைந்து, மறுநாள் இரவு அதே நேரத்தில் மீண்டும் வரைந்து ஒப்பிடுங்கள். யுரேனஸுக்குப் பைனாகுலரும் வானப்படமும் பொறுமையும் வேண்டும். நெப்டியூனுக்கு மூன்றும் இன்னும் கூடுதலாக வேண்டும்.

சனியின் வளையங்களைப் பார்க்கப் பைனாகுலர் போதாது. முப்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு தொலைநோக்கியாவது தேவை. 2025-இல் மறைந்த வளையங்கள் இப்போது ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டு வருகின்றன. 2026-இல் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறியபின் வரும் 2032-ஆம் ஆண்டு வாக்கில், அவை முழு அகலத்தில் தெரியும்.